இந்த டைரக்டரி எதுக்கு?

அம்பர்நாத் கிழக்கில் ஆனந்த் நகர் எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டையிலிருந்து எனக்கு வரும் போன்களில் பெரும்பாதி ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும்: “சைட் திறக்கல, 403 காட்டுது.” சர்வர் ஓடிக்கொண்டிருக்கும். நெட் இருக்கும். கோப்பு வைத்த இடத்தில் அப்படியே இருக்கும். பிரவுசரில் மட்டும் அனுமதி இல்லை என்று வரும். எனக்குப் போன் செய்வதற்கு முன்பே யாரோ ஒருவர் அந்த டைரக்டரிக்கு 777 கொடுத்துப் பார்த்திருப்பார். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம், ஓட்டலாம் என்று எல்லோருக்கும் எல்லாவற்றையும் திறந்துவிடுகிற எண் அது. அதற்குப் பிறகும் 403 போயிருக்காது. நான் முதலில் கேட்பது இதுதான்: “டிஸ்க் மாத்துனீங்களா?” அநேகமாக ஆமாம் என்பார்கள்.

இந்த ஊரில் டிஸ்க் மாற்றுவது அடிக்கடி வரும் வேலை. ஆனந்த் நகரில் சாயப்பொருள், மருந்து மூலப்பொருள், கரைப்பான் என்று ரசாயனம் செய்யும் யூனிட்டுகள் நிறைய. இடையிடையே லேத், ஃபேப்ரிகேஷன் பட்டறைகள். இங்கே சர்வர் ரூம் என்பது ஸ்டோர்ஸுக்குப் பக்கத்தில் கண்ணாடித் தடுப்புப் போட்ட ஒரு சின்ன அறை. ஓர் ஏ.சி., ஒரு யு.பி.எஸ்., ஒரு டவர் சர்வர். அறையை எவ்வளவு அடைத்தாலும் அமில ஆவி எப்படியாவது உள்ளே வந்துவிடும். மெமரி கார்டைக் கழற்றினால் அதன் பற்கள் கறுத்திருக்கும், செம்புத் தடங்களில் பச்சை பிடித்திருக்கும். மழைக்காலத்தில் மின்சாரம் போய்ப் போய் வரும். டிஸ்க் இதையெல்லாம் எத்தனை நாள் தாங்கும்? புது டிஸ்க் வாங்கி, அதை ‘/டேட்டா’ என்று மவுண்ட் செய்து, வெப்சைட்டை அங்கே நகர்த்துவார்கள். 403 பிறப்பது அந்த நகர்த்தலில்தான்.

லினக்ஸில் ஒரு கோப்பைத் தொட இரண்டு சோதனைகளைத் தாண்ட வேண்டும். முதலாவது எல்லோருக்கும் தெரிந்தது: கோப்பின் சொந்தக்காரர், கோப்பின் குழு, மற்றவர்கள் என்று மூன்று பேருக்கான அனுமதி. 755, 644, 777 எல்லாம் அந்தக் கணக்கு. இரண்டாவது சோதனை எஸ்.இ.லினக்ஸ். ரெட் ஹாட், சென்ட்ஓஎஸ், அல்மா, ராக்கி வகை சர்வர்களில் இது நிறுவும்போதே இயங்கும் நிலையில்தான் வருகிறது. இதில் ஓடுகிற ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு லேபிள் உண்டு, ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு லேபிள் உண்டு. எந்த லேபிள் உள்ள புரோகிராம் எந்த லேபிள் உள்ள கோப்பை என்ன செய்யலாம் என்று ஒரு பெரிய விதித்தொகுப்பு இருக்கிறது. விதியில் எழுதாத எதுவும் நடக்காது.

என் அப்பா இதே ஊரில் ஆர்டினன்ஸ் ஃபாக்டரியில் வேலை பார்த்தவர். அவருடைய பாஸில் எந்த செக்‌ஷன் என்று எழுதியிருக்கும். பக்கத்து செக்‌ஷன் ஃபோர்மேன் அவருக்குச் சிநேகிதர்தான். ஆனாலும் அவர் கூப்பிட்டார் என்று இவர் உள்ளே போய்விட முடியாது. உள்ளே விடும் அதிகாரம் ஃபோர்மேனிடம் இல்லை, ஃபாக்டரியிடம் இருந்தது. 777 கொடுப்பது அந்த ஃபோர்மேன் கூப்பிடுவது மாதிரி. கோப்பின் சொந்தக்காரர் மனது வைத்துவிட்டார், சிஸ்டத்தின் விதி இன்னும் அசையவில்லை. வேலைக்குப் புதிதாக வரும் பையன்களுக்கு நான் இதைச் சொல்லித்தான் ஆரம்பிப்பேன்.

அப்பாச்சி வெப் சர்வர் ஓடும்போது அதன் லேபிள் ‘ஹெச்டிடிபிடி_டி’. அது படிக்க வேண்டிய பக்கங்களுக்கு ‘ஹெச்டிடிபிடி_சிஸ்_கன்டென்ட்_டி’ என்ற லேபிள் வேண்டும். அது எழுதவும் வேண்டிய இடங்களுக்கு, அதாவது அப்லோட், கேஷ் போன்ற டைரக்டரிகளுக்கு, நடுவில் ‘ஆர்டபிள்யூ’ சேர்த்த இன்னொரு லேபிள் உண்டு. எங்கள் பேச்சில் முதலாவது வாசிப்பு லேபிள், இரண்டாவது எழுத்து லேபிள். இந்தக் கட்டுரையிலும் அப்படியே சொல்கிறேன். வழக்கமான ‘/வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ’ டைரக்டரிக்குள் எதை உருவாக்கினாலும் வாசிப்பு லேபிள் தானாக வந்துவிடும். அதற்கு வெளியே நீங்களாக உருவாக்கிய ‘/டேட்டா’ எதற்கு என்று சிஸ்டத்துக்குத் தெரியாது. தெரியாத இடத்துக்கு அது ‘டிஃபால்ட்_டி’ என்று ஒரு பொது லேபிள் வைக்கும். அந்த லேபிளைத் தொட அப்பாச்சிக்கு விதி கிடையாது.

எஸ்.இ.லினக்ஸ் அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையிலிருந்து வந்தது. யூட்டா பல்கலைக்கழகத்தோடும் செக்யூர் கம்ப்யூட்டிங் நிறுவனத்தோடும் சேர்ந்து 1990களில் உருவாக்கிய ஃப்ளாஸ்க் என்ற கட்டமைப்பை லினக்ஸில் பொருத்தி, 2000 டிசம்பரில் மூலநிரலோடு வெளியிட்டார்கள். 2003-இல் 2.6 கெர்னலில் சேர்ந்தது. 2005-இல் வந்த ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 4-இல் இயல்பாகவே இயங்கியது. உளவு அமைப்பு எழுதிய நிரலை நம்பலாமா என்று சில முதலாளிகள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. நிரல் இருபது வருஷத்துக்கும் மேலாக உலகத்தின் கண் முன்னால் திறந்து கிடக்கிறது, பராமரிப்பவர்களில் பல நிறுவனத்தாரும் இருக்கிறார்கள் என்பது என் பதில். 2014-இல் வந்த ஆண்ட்ராய்டு 5-இலிருந்து போனும் இதே எஸ்.இ.லினக்ஸின் முழுக் கட்டுப்பாட்டில்தான் ஓடுகிறது. கேட்டவர் கையில் இருக்கும் போனையே காட்டிச் சொல்வேன்.

எனக்கு நிஜமாகவே கோபம் வருவது ஒரு விஷயத்தில். நான் படித்த பயிற்சி நிலையத்தில் சர்வர் நிறுவும் பாடத்தின் தொடக்கத்திலேயே ‘எஸ்.இ.லினக்ஸை டிசேபிள் செய்க’ என்று எழுதிக் கொடுத்தார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. அந்த ஒரு வரி எத்தனை ஊருக்குப் போயிருக்கிறது! மென்பொருள் விற்கிறவர்கள் தங்கள் நிறுவல் கையேட்டில் அதையே போடுகிறார்கள். ஒரு டைரக்டரிக்கு என்ன லேபிள் என்று யோசிக்க அவர்களுக்கு ஐந்து நிமிஷம் ஆகும். அந்த ஐந்து நிமிஷத்தை மிச்சப்படுத்த, வாங்கியவருடைய சர்வரில் ஒரு முழுப் பாதுகாப்பு அடுக்கையே கழற்றி வைக்கச் சொல்கிறார்கள்.

வேலையை நேராகக் காட்டுகிறேன். வெள்ளிக்கிழமை இந்தப் பக்கத்து யூனிட்டுகளுக்கு வார விடுமுறை. சர்வரை நிறுத்தி வேலை பார்க்கத் தோதான நாள். ஒரு வெள்ளிக்கிழமை, வால்வு செய்யும் ஒரு யூனிட்டில் இதே 403. ஆபரேட்டர் பையன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

“அண்ணா, எல்லாத்துக்கும் 777 குடுத்தாச்சு, ஆனாலும் வரல.”

“அத முதல்ல பழையபடி 755, 644-ன்னு வச்சிரு. அது இல்ல கோளாறு.”

‘எல்எஸ்’ கட்டளையோடு பெரிய இசட் சேர்த்து அடித்தால் லேபிள் தெரியும். அடித்தோம். ‘/டேட்டா/வெப்’ முழுக்க ‘டிஃபால்ட்_டி’. அடுத்து ஆடிட் பதிவு. ‘ஏயுசர்ச்’ கட்டளையில் ஏவிசி வகைப் பதிவுகளை மட்டும் எடுக்கலாம். நீளமாக ஒரு வரி வந்தது. பையன் அதைப் பார்த்ததும் முகம் சுளித்தான், எல்லோரும் அப்படித்தான். ஆனால் அந்த வரி ஒரு முழு வாக்குமூலம். துண்டு துண்டாக அவனைப் படிக்கச் சொன்னேன். ‘டினைடு’, மறுக்கப்பட்டது. வளைவு அடைப்புக்குள் ‘கெட்ஆட்டர்’, கோப்பின் விவரத்தைப் பார்க்கும் முயற்சி. ‘காம்’ என்ற இடத்தில் ஹெச்டிடிபிடி, முயன்றது அப்பாச்சி. ‘பாத்’ என்ற இடத்தில் இண்டெக்ஸ் கோப்பின் முழுப் பாதை. ‘எஸ்கான்டெக்ஸ்ட்’ கேட்டவரின் லேபிள், ‘டிகான்டெக்ஸ்ட்’ கேட்கப்பட்ட கோப்பின் லேபிள். அங்கே ‘டிஃபால்ட்_டி’ என்று தெளிவாக நிற்கிறது. கடைசியில் ‘பெர்மிசிவ்’ பூஜ்யம், அதாவது பதிவு மட்டும் செய்யாமல் உண்மையாகவே தடுத்தது. யார், எதை, எங்கே, என்ன பெயரில் என்று எல்லாம் அந்த ஒரு வரியில் இருக்கிறது. முதல் சோதனையிலேயே தோற்றிருந்தால் இந்தப் பதிவே வந்திருக்காது. சாதாரண அனுமதி மறுத்துவிட்டால் விவகாரம் எஸ்.இ.லினக்ஸ் வரைக்கும் வராது. பதிவு இருக்கிறது என்றாலே கோளாறு எஸ்.இ.லினக்ஸ் பக்கம் என்று தெரிந்துவிடும்.

அந்த யூனிட்டில் ஒரு முன்கதை உண்டு. பழைய வெண்டர் ஒருவர் ‘சிஎச்கான்’ கட்டளையில் லேபிளை மாற்றிவிட்டுப் போயிருந்தார். சைட் ஓடியது. பிறகு வேறு ஏதோ மென்பொருள் போட வந்தவர் எஸ்.இ.லினக்ஸை அணைத்தார். ஆடிட்டுக்காக இன்னொருவர் மறுபடி ஆன் செய்தார். அணைத்துவிட்டு ஆன் செய்தால் சர்வர் அடுத்த தடவை கிளம்பும்போது டிஸ்க் முழுக்க லேபிள்களைப் புதிதாக ஒட்டிக்கொண்டு வரும். கோப்புகள் லட்சக்கணக்கில் இருந்தால் அதற்கு நேரம் ஆகும். திரை நின்றுவிட்ட மாதிரி தெரியும். பயந்துபோய் பவர் பட்டனை அழுத்துகிறவர்கள் உண்டு. அழுத்தக்கூடாது, காத்திருக்க வேண்டும். இப்படிப் புதிதாக ஒட்டும்போது சிஸ்டம் தன் விதிப் புத்தகத்தைப் பார்த்துத்தான் ஒட்டும். சிஎச்கான் மாற்றுவது கோப்பின் மேல் உள்ள லேபிளை மட்டும். விதிப் புத்தகத்தில் அது எதையும் எழுதுவதில்லை. ஆகவே வெண்டர் ஒட்டியது போய் ‘டிஃபால்ட்_டி’ வந்துவிட்டது.

விதிப் புத்தகத்தில் எழுதும் கட்டளை ‘செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட்’. அதில் லேபிளின் பெயரைக் கொடுத்து, பாதையைக் கொடுத்து, பாதையின் வாலில் அதற்குக் கீழே உள்ள எல்லாமும் என்று பொருள்படும் குறியைச் சேர்க்க வேண்டும். அந்த வாலை விட்டுவிட்டால் டைரக்டரிக்கு மட்டும் விதி வரும், உள்ளே இருக்கும் கோப்புகளுக்கு வராது. பிறகு ‘ரிஸ்டோர்கான்’. அது விதியைப் படித்து டிஸ்கில் உள்ள லேபிளைத் திருத்தும். பெரிய ஆர், சின்ன வி சேர்த்தால் உள்ளே இறங்கி, எதை எதிலிருந்து எதுவாக மாற்றியது என்று வரி வரியாகச் சொல்லும். அந்த யூனிட்டில் அந்த வரிகள் ஓடி முடிவதற்குள் பையன் போனில் சைட்டைத் திறந்துவிட்டான்.

இன்னொரு வழியும் இருக்கிறது, எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும். ‘/டேட்டா/வெப்’ என்பதை ‘/வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ’ போலவே நடத்து என்று ஒரே வரியில் சமன் விதி எழுதலாம். அங்கே எந்த உள் டைரக்டரிக்கு என்ன லேபிளோ, இங்கேயும் அதே. சிஜிஐ நிரல்கள் வைக்கும் இடம் உட்பட எல்லாம் தானாகச் சரியாகிவிடும். அதைவிடச் சுலபம், ஆரம்பத்திலேயே இடத்தைச் சரியாகத் தேர்வது. ‘/எஸ்ஆர்வி’க்குள் ஒரு பெயர், அதற்குள் ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ’ என்று டைரக்டரி அமைத்தால், அந்த வடிவத்துக்கு வாசிப்பு லேபிள் என்று விதித்தொகுப்பில் முன்பே எழுதியிருக்கிறது. புது சர்வர் போடும்போது நான் அங்கேதான் வைக்கிறேன்.

விதிகளின் வரிசையில் ஒரு கண்ணி இருக்கிறது. தெரியாதவர்கள் மணிக்கணக்கில் முட்டிக்கொள்வார்கள். நாம் சேர்க்கும் உள்ளூர் விதிகள் இரண்டு ஒரே பாதைக்குப் பொருந்தினால், நான் வேலை பார்க்கும் சர்வர்களில் கடைசியாகச் சேர்த்தது ஜெயிக்கிறது. ஆகவே அகலமான விதியை முதலில் எழுத வேண்டும், ‘அப்லோட்’ போன்ற குறுகிய இடத்துக்கான விதியை அப்புறம். வரிசை மாறினால் அப்லோடுக்குக் கொடுத்த எழுத்து லேபிளை அகல விதி மூடிவிடும். எழுதி முடித்ததும் ‘மேட்ச்பாத்கான்’ என்ற கட்டளையில் பாதையைக் கொடுத்து, எந்த லேபிள் வரும் என்று கேட்டுப் பார்த்துவிடுவேன்.

கட்டளைகளைக் கற்றுக்கொள்ள ஒரு பிற்பகல் போதும். இந்தத் தொழிலில் நேரம் பிடிப்பது கட்டளைக்கு முந்திய கேள்வி. இந்த டைரக்டரி எதுக்கு? யார் எழுதுகிறார்கள், யார் படிக்கிறார்கள்? எந்த லேபிள் என்று முடிவு செய்ய வேண்டுமானால் இதைக் கேட்டே ஆக வேண்டும். 777 கொடுக்க எதையும் கேட்க வேண்டாம். அதனால்தான் 777 பரவுகிறது.

ஒரு ரசாயன யூனிட்டின் லேப் பொறுப்பாளர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ரொம்ப வருஷமாக இங்கே. ஒவ்வொரு பேட்ச் சரக்குக்கும் அவருடைய லேபில் பகுப்பாய்வுச் சான்றிதழ் தயாராகும். வாங்குகிற பார்ட்டி அதை யூனிட்டின் சைட்டிலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். சைட் திறந்தது, சான்றிதழ் மட்டும் வரவில்லை.

“அண்ணாச்சி, இந்த ஃபோல்டர்ல யாரு எழுதுறா?”

“லேப் மெஷின்லருந்து பி.டி.எஃப். நேரா இதுல வந்து விழும் தம்பி. நம்ம பயலுவ ரெண்டு பேரு அவங்க கம்ப்யூட்டர்லருந்தும் சேவ் பண்ணுவானுவ.”

“வெப்சைட் இதுல எழுதுமா?”

“அது எதுக்கு எழுதணும்? பார்ட்டி டவுன்லோட் பண்ணிக்கிடுவான், அவ்வளவுதான்.”

இந்த இரண்டு பதில்களில் லேபிள் கிடைத்துவிட்டது. லேப் கம்ப்யூட்டர்கள் விண்டோஸ். அவை சம்பா வழியாகத்தான் சர்வரில் எழுதுகின்றன. ஃபோல்டரில் இருந்ததோ ‘சம்பா_ஷேர்_டி’. சம்பாவுக்கு அது போதும், அப்பாச்சிக்கு உள்ளே வர வழியில்லை. அதை மாற்றி வாசிப்பு லேபிள் வைத்தால் சைட்டில் சான்றிதழ் வரும், லேபிலிருந்து எழுத முடியாது. இரண்டு சர்வீஸ் ஒரே டைரக்டரியைப் பங்கு போட்டுக்கொள்ளும் இந்த மாதிரி இடத்துக்கென்றே ‘பப்ளிக்_கன்டென்ட்_ஆர்டபிள்யூ_டி’ என்று ஒரு லேபிள் இருக்கிறது. அப்பாச்சி, சம்பா, எஃப்டிபி எல்லாம் அதைப் படிக்கலாம். எழுதுவதற்கு மட்டும் ஒவ்வொரு சர்வீஸுக்கும் தனித்தனியாக ஒரு பூலியன் சுவிட்ச் உண்டு. சம்பாவின் சுவிட்சைப் போட்டேன், அப்பாச்சியின் சுவிட்சைப் போடவில்லை. நாளைக்கு அந்த வெப்சைட்டை எவனாவது உடைத்து உள்ளே வந்தாலும் லேப் சான்றிதழில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. மருந்து மூலப்பொருள் விற்கும் யூனிட்டுக்கு இது சின்ன விஷயமில்லை.

அன்றைக்கே கிடைத்த இன்னொன்றைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு டைரக்டரியாகக் கேட்டுக்கொண்டே வந்தபோது ‘நியூ2’ என்று ஒன்று இருந்தது. இது எதுக்கு என்றேன். அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார்.

“ஏ, இது நம்ம ரேட் லிஸ்ட்லா! டீலர் டீலரா வேற வேற ரேட்டு. இது எப்படி இதுக்குள்ள வந்துச்சு?”

சைட்டில் எங்கும் அதற்கு லிங்க் இல்லை. ஆனால் முகவரியை ஊகித்தவர் யாரும் திறந்திருக்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரே லேபிளை மொத்தமாக ஒட்டிவிட்டு வந்திருந்தால், அந்த விலைப்பட்டியல் இன்றைக்கும் வெளியேதான் கிடந்திருக்கும். அதை ‘/டேட்டா/ஆபீஸ்’ என்று வேறு இடத்துக்கு மாற்றினோம். இங்கே கவனிக்க வேண்டியது: ‘எம்வி’ கட்டளையில் நகர்த்தினால் கோப்பு தன் பழைய லேபிளைக் கூடவே கொண்டு போகும்; ‘சிபி’யில் நகலெடுத்தால் போய்ச் சேரும் இடத்தின் லேபிளை வாங்கிக்கொள்ளும். எம்வி செய்துவிட்டு அப்படியே விட்டால் விலைப்பட்டியல் ஆபீஸ் டைரக்டரிக்குள் வெப் லேபிளோடு உட்கார்ந்திருக்கும். ரிஸ்டோர்கான் ஓட்டி ‘சம்பா_ஷேர்_டி’ ஆக்கினோம். இனி யாராவது அப்பாச்சியின் அமைப்புக் கோப்பில் தெரியாமல் அந்த டைரக்டரியைச் சேர்த்தாலும் 403தான் வரும். அந்த இடத்தில் 403 வர வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு பாடும்.

எழுத்து லேபிளில் நான் கஞ்சன். வேர்ட்பிரஸ் சைட் என்றால் ‘அப்லோட்ஸ்’ டைரக்டரிக்கும் கேஷுக்கும் மட்டும் கொடுப்பேன், மற்றதெல்லாம் வாசிப்பு. டாஷ்போர்டில் ஒரு பட்டனை அழுத்தி அப்டேட் செய்யும் வசதி இதனால் போய்விடும், வாடிக்கையாளர்கள் முணுமுணுப்பார்கள். அப்டேட்டை ‘டபிள்யூபி-சிஎல்ஐ’ மூலம் நானே கட்டளை வரியில் செய்து கொடுக்கிறேன். தன் நிரலைத் தானே திருத்தி எழுத முடிகிற வெப்சைட், அதை உடைத்தவனுக்கும் அதே உரிமையைக் கொடுத்துவிடுகிறது.

இதன் பலனைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கல்யாண் பக்கம் ஒரு வியாபாரியின் சைட்டில் பழைய பிளக்இன் ஒன்றின் ஓட்டை வழியாக அப்லோட்ஸுக்குள் ஒரு பிஹெச்பி கோப்பைப் போட்டுவிட்டார்கள். ஆடிட் பதிவில் அன்றைய ராத்திரி முழுக்கத் தெரிந்தது. பிஹெச்பி-எஃப்பிஎம் வெளியே ஏதோ ஒரு போர்ட்டுக்கு இணைப்புக் கேட்கிறது, ‘நேம்_கனெக்ட்’ மறுக்கப்பட்டது. மறுபடி வேறு போர்ட், மறுக்கப்பட்டது. வேர்ட்பிரஸின் மூலக் கோப்புகளில் எழுத முயற்சி, மறுக்கப்பட்டது. அப்பாச்சி லேபிளில் ஓடும் எதுவும் தானாக வெளியே இணைப்பு எடுக்கக்கூடாது என்பது இயல்பான அமைப்பு. அந்த சுவிட்சை யாரும் தொடாமல் விட்டிருந்ததால், சர்வரை வைத்து வெளியே எதையும் தாக்கவோ, உள்ளே இன்னொரு ஆயுதத்தை இறக்கவோ வந்தவர்களால் முடியவில்லை.

அதே சமயம், லேபிள் எதைத் தடுக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். போட்ட பிஹெச்பி கோப்பு ஓடியது. பிஹெச்பிக்கு ஒரு கோப்பைப் படிப்பதும் ஓட்டுவதும் ஒன்றுதான். எழுத்து லேபிள் உள்ள இடத்தையும் அது படிக்கலாம். அதைத் தடுக்க, அப்லோட்ஸுக்குள் பிஹெச்பி ஓடக்கூடாது என்று அப்பாச்சியின் அமைப்பிலேயே தனியாக எழுத வேண்டும். டேட்டாபேஸையும் லேபிள் காப்பாற்றாது. சைட்டுக்கே கடவுச்சொல் தெரியும் என்பதால் சைட்டுக்குள் வந்தவனுக்கும் அது தெரிந்துவிடும். எஸ்.இ.லினக்ஸ் போட்டாகிவிட்டது, இனிப் பயமில்லை என்று யாராவது சொன்னால் நான் உடனே மறுப்பேன்.

பதிவுகளைப் பற்றி ஒரு வார்த்தை. 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஓர் உத்தரவு போட்டது. ஊடுருவல் நடந்தது தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், கணினிப் பதிவுகளை 180 நாள் இந்தியாவுக்குள் வைத்திருக்க வேண்டும். சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கு அது அந்த வருஷம் செப்டம்பர் 25 முதல் நடைமுறைக்கு வந்தது, எம்.ஐ.டி.சி.யில் என் வாடிக்கையாளர்கள் எல்லோரும் அந்த வகைதான். லினக்ஸின் ஆடிட் சேவையோ இயல்பாக 8 எம்.பி. அளவில் 5 கோப்புகள்தான் வைத்திருக்கும், நிரம்பினால் பழையதை அழித்துவிடும். பரபரப்பான சர்வரில் அது சில நாளுக்குக்கூடக் காணாது. அந்த இரண்டு எண்களையும் மாற்றி, பதிவுகளை வேறொரு மெஷினுக்கும் அனுப்பி வைப்பதை லேபிள் வேலையோடு சேர்த்தே செய்துவிடுகிறேன்.

‘ஆடிட்2அலவ்’ என்று ஒரு கருவி உண்டு. மறுக்கப்பட்ட பதிவுகளை எல்லாம் வாங்கிக்கொண்டு, இவற்றை அனுமதி என்று ஒரு விதித் தொகுதியை அதுவே எழுதித் தரும். நல்ல கருவிதான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிறவர்கள் கையில் ஆபத்து. கல்யாண் சைட்டில் அந்த ராத்திரிப் பதிவுகளை அதற்குள் கொட்டியிருந்தால், திருடன் கேட்ட ஒவ்வொன்றையும் கேட்ட வரிசையிலேயே அனுமதித்திருக்கும். நான் முதலில் ‘ஆடிட்2ஒய்’ ஓட்டுவேன். பெரும்பாலான மறுப்புகளுக்கு லேபிள் தவறு அல்லது ஒரு பூலியன் சுவிட்ச் என்றுதான் காரணம் இருக்கும்: டேட்டாபேஸ் வேறு மெஷினில் இருக்கிறது, மெயில் அனுப்ப வேண்டும், அப்பாச்சி புது போர்ட்டில் நிற்க வேண்டும். இதற்கெல்லாம் தயாராக விடை இருக்கிறது. புது விதி எழுத வேண்டிய நிலை எனக்கு அபூர்வமாகத்தான் வருகிறது.

சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30-ஓடு ஆதரவு முடிந்தது. அந்தச் சமயத்தில் ஆனந்த் நகரில் சர்வர் சர்வராக அல்மா லினக்ஸ் 9-க்கு மாற்றினோம். விதிகளை முறையாக எழுதி வைத்ததன் அருமை அப்போதுதான் வாடிக்கையாளர்களுக்கே புரிந்தது. ‘செமேனேஜ் எக்ஸ்போர்ட்’ என்றால் நாம் சேர்த்த லேபிள் விதிகள், சுவிட்சுகள், போர்ட்டுகள் எல்லாம் ஒரே கோப்பில் வந்துவிடும். புது மெஷினில் இம்போர்ட் செய்து, ரிஸ்டோர்கான் ஓட்டினால் முடிந்தது. சிஎச்கானில் ஒட்டுப்போட்டு வைத்திருந்த சர்வர்களில் எந்த டைரக்டரி எதற்கு என்று மறுபடி ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியிருந்தது. சில இடங்களில் கேட்க வேண்டிய ஆள் வேலையை விட்டே போயிருந்தார். அதிலிருந்து ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். டைரக்டரி, எழுதுகிறவர், படிக்கிறவர், லேபிள் என்று நான்கு பத்தி. அண்ணாச்சி தன் யூனிட்டின் நோட்டைத் தானே நிரப்புகிறார்.

இப்போது கண்டெய்னர் வந்திருக்கிறது. 2019 பிப்ரவரியில் ‘ரன்சி’ என்ற கண்டெய்னர் அடித்தளத்தில் ஒரு பெரிய ஓட்டை வெளியானபோது, எஸ்.இ.லினக்ஸ் இயல்பு நிலையில் இயங்கிய ரெட் ஹாட் சர்வர்களில் அந்தத் தாக்குதல் பலிக்கவில்லை. அதைச் சொல்லித்தான் கண்டெய்னர் கேட்கிறவர்களிடமும் லேபிளை அணைக்க வேண்டாம் என்கிறேன். அண்ணாச்சியின் யூனிட்டில் ஒரு புது ஆர்டர் டிராக்கிங் மென்பொருளை பாட்மேன் என்ற கண்டெய்னர் கருவியில் ஓட்ட வேண்டும், அதிலேயே பார்ட்டிக்குச் சான்றிதழும் தெரிய வேண்டும். எழுதிக் கொடுக்கும் புரோகிராமர் பையன், சான்றிதழ் ஃபோல்டரைக் கண்டெய்னருக்குள் மவுண்ட் செய்து கடைசியில் பெரிய இசட் சேர்த்திருந்தான். அந்த ஓர் எழுத்து ஃபோல்டர் முழுவதையும் அந்தக் கண்டெய்னருக்கு மட்டுமே உரிய லேபிளுக்கு மாற்றிவிடும். சம்பாவும் அப்பாச்சியும் வெளியே நிற்கும், லேப் மெஷினிலிருந்து ஒரு பி.டி.எஃப்.கூட வந்து சேராது. சின்ன இசட் போட்டாலும் மற்ற கண்டெய்னர்களோடு பகிரலாம் என்று மட்டும்தான் அர்த்தம், சம்பாவுக்கு அப்போதும் இடமில்லை. சர்வரில் ஏற்றுவதற்கு முன்பே பார்த்து எடுத்துவிட்டோம்.

அந்தக் கண்டெய்னருக்கென்று தனி விதி எழுதலாம், அதற்கு ‘யூடிகா’ என்ற கருவியும் இருக்கிறது. ஆனால் நோட்டை எடுத்துப் பார்த்தால் புது மென்பொருள் அந்த ஃபோல்டரில் எழுத வேண்டியதே இல்லை, படித்தால் போதும். படித்துக் கொடுக்க அப்பாச்சி ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே மவுண்ட் வேண்டாம், சான்றிதழை அப்பாச்சியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும்படி நிரலை மாற்று என்று சொல்லியிருக்கிறேன். பையன் ஒரு வாரம் கேட்டிருக்கிறான். அண்ணாச்சி சரி என்றுவிட்டார், முதலாளியிடமும் அவரே பேசிக்கொள்வதாகச் சொன்னார்.